ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்

தக்குவாரெம்போவில் ஆகஸ்ட் குளிர்.
பட்டறைக் கதவைப் பாதிதான் திறந்திருந்தேன்.
நோட்டரி அம்மாள் அனுப்பிய தாளில் இரண்டு கட்டங்கள்.
ஒன்றில் ஃபோர்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது.
இன்னொன்றில் பிக்கப், நான்கு கதவு, டீசல், ஆறு வயது.
வாஷிங்டன் லாரால்தேயும் நெல்பா ஒலிவேராவும்
பிரிகிறார்கள்.
எது எவ்வளவு பெறும் என்று நான் எழுத வேண்டும்.

ஃபோர்டை ஒரு சுற்று சுற்றி வந்தேன்.
இந்த வயதுக் கார்களைக் கச்சீலா என்போம் இங்கே.
புல்லுக்குள் ஓடி ஒளியும் ஒரு குருவிக்கும் அதே பெயர்.
பானட்டைத் தூக்கினால் தரை தெரியும்.
எல்லாம் கைக்கு எட்டும், எல்லாம் கொஞ்சம் கசியும்.
கண்ணாடிக்கு முன்னால் உயரத்தில் பெட்ரோல் தொட்டி.
பம்ப் கிடையாது. தானாக இறங்கி வரும்.
சோக் கம்பி மட்டும் ஓட்டுகிறவன் பக்கம் இல்லை,
பக்கத்து இருக்கைக்கு முன்னால்.
எந்த மகராசன் அதை அங்கே வைத்தானோ!
அவர் ஸ்டார்ட்டரை மிதிக்க, நெல்பா கம்பியை இழுக்க,
ஞாயிறுதோறும் ரொட்டிக்கடை வாசலில்
இருபது வருடம் பார்த்திருக்கிறேன்.
அவள் கை ஒரு நொடி பிசகினால் அடைத்துக்கொள்ளும்,
தெருவே சிரிக்கும்.

பிக்கப்பில் ஏறினேன்.
பெல்ட் போடு என்றது. கதவு சரியாக மூடவில்லை என்றது.
பதினெட்டு மூட்டைத் தீவனம் ஏற்றிச் சேற்றில் போனாலும்
உள்ளே காபி சிந்தாது.
மொன்தெவிதேயோவரை நானூறு கிலோமீட்டர்
குரலை உயர்த்தாமலே சண்டை போட்டுக்கொண்டு போகலாம்.
ஃபோர்டில் முடியாது.
கத்தினாலும் காதில் விழாது.

நேற்று இருவரும் தனித்தனியாகப் போன் செய்தார்கள்.
இருவருக்கும் பிக்கப்தான் வேண்டும்.
அவருக்கு மாடுகள்.
அவளுக்கு மேட்டுப் பள்ளிக்கூடம், மழை நாள்.
நியாயம்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்.
அப்போ ஃபோர்டு? என்றேன்.
வாஷிங்டன் இருமினார்.
நெல்பா, யாராவது ஜெர்மன்காரன் வாங்குவான் என்றாள்.

யாருக்குப் போனாலும் சுத்தமாகப் போகட்டும் என்று
நோட்டரி சொல்லியிருந்தாள். திரையைத் தொட்டேன்.
வாஷிங்டன் போன். நெல்பா போன். நெல்பா பழைய போன்.
போன இடங்கள்:
கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூடம்,
பாய்சாந்து மருத்துவமனை, பதினான்கு முறை.
பக்கத்துத் தெருதான் நான். எனக்குத் தெரியாது.
நீக்கவா? என்று கேட்டது.
ஆம்.
உறுதியாகவா? என்று மறுபடி கேட்டது.
நோட்டரிகூட அவர்களை ஒருமுறைதான் கேட்டாளாம்.

ஃபோர்டில் அழிக்க ஒன்றும் இல்லை.
சோக் கம்பியின் குமிழில் மட்டும்
நிக்கல் தேய்ந்து பித்தளை தெரிகிறது, ஒரு பக்கமாக.

விலை எழுதுமுன் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.
கால் இங்கே, கை அங்கே,
இருக்கையின் குறுக்கே ஏறக்குறையப் படுத்துக்கொண்டு இழுத்தேன்.
இரண்டு முறை அடைத்துக்கொண்டது.
மூன்றாவதில், பட்டறை முழுக்கப் புகையோடு, கிளம்பியது.

தாளில் எழுதினேன்:
ஓடுகிறது.
ஆள் இரண்டு தேவை.