ஐந்து லீட்டர் கேன்

நோர்வூட்டிலிருந்து முதல் பஸ்ஸில்
கேனைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்து வந்திருக்கிறாள்
யோகமலர்.
இருபத்திநாலு மணிநேரத்துச் சிறுநீர்.
"தேங்காயெண்ணெய்னு சொன்னேன் கண்டக்டர்ட்ட"
என்கிறாள், சிரிக்காமல்.

அளந்து எழுதுகிறேன்.
காலையில் ரொட்டி, கட்டச்சம்பல். பகலுக்கும் அதுவே.
ராவைக்கு நெத்தலி.
அட்டைக்கென்று இடுப்பில் முடிந்த உப்பு
கணக்கில் சேராது.

ஊசிவழி ஏற்றிய உப்பு மெல்லத்தான் இறங்குமாம்;
அதே உப்பு வாய்வழி போனால் விரைவாம்.
இரத்தம் அறியுமுன்
குடல் ருசிபார்த்து ஆளனுப்பிவிடுகிறது.
யூரோகுவானிலின்.
"துரை பேரு மாதிரி இருக்கே."

மலையில் கொழுந்து நிறுத்ததுமே,
லொறி கிளம்புமுன்,
ஃபெக்டரிக்கு ஃபோன் போகுமில்லையா,
இன்றைக்கு இவ்வளவு, வாட்டுத் தட்டைக் காலியாக்கு என்று?
அப்படித்தான், குடல் சிறுநீரகத்துக்கு.

யோசித்தாள்.
"நிறுக்கிறவன் ரெண்டு கிலோ கழிப்பானே.
உள்ளுக்கும் கழிப்பாங்களா?"

பிரஷர் நூற்றெழுபது.
சேதி பாதியில் நின்றதோ,
போய்ச் சேர்ந்தும் எடுக்க ஆளில்லையோ,
என் தாளில் அதற்கொரு கட்டமில்லை.

கேனைக் கழுவிக் கொடுத்தேன்.
முகர்ந்து பார்த்துவிட்டு
சாக்கில் சுற்றிக்கொண்டாள்.