சேட்டைக் கழட்டுங்கோ

பனியன் விற்க வந்தவன் நான்.
திருப்பூரிலிருந்து நாற்பத்திரண்டு சாம்பிள்,
பாஸ்போர்ட்டில் முதல் முத்திரை.
வெளிநாடு என்று வீட்டில் ஆரத்தி எடுத்தார்கள்.
தமிழ்தானே, சிவன்தானே,
இதில் கற்க என்ன இருக்கிறதென்று
கொழும்பிலிருந்து வழியெல்லாம் தூங்கிவிட்டேன்.

வந்த நாள் வெள்ளிக்கிழமை.
உவைஸ் முதலாளி ஜும்மாவுக்குக் கடை சாத்திவிட்டார்,
மூன்று மணிக்குத்தான் திறப்பாராம்.
சரி, மலைக்காவது போவோம்.
ஓட்டோக்காரர் பெயர் வில்வராசா.
“கோயில் திறந்திருக்குமா?”
“ஓம்.”
“உச்சிப் பூசைக்குப் போய்ச் சேரலாமா?”
“ஓம்.”
“செருப்பு வைக்க இடம்?”
“ஓம், ஓம்.”
ஊரே பிரணவம் ஓதுகிறதென்று
முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.
நாலாவது ஓமில்தான் உறைத்தது,
அது வெறும் ஆமாம்.
வெறும் என்று சொல்லலாமா, தெரியவில்லை.

தெருவுக்குக் குறுக்கே வெள்ளைக் கொடிகள்,
கம்பத்துக்குக் கம்பம், வரிசையாய்.
“எந்தக் கட்சிங்க?” என்றேன்.
அவர் பாட்டை நிறுத்தினார்.
வண்டி நடையின் வேகத்துக்கு வந்தது.
ஒரு வாசலில் பிளாஸ்டிக் கதிரைகள்,
கதிரைகளில் எதுவும் பேசாத ஆண்கள்.
தெரு முடிந்து, திரும்பி, கடல் தெரிந்த பிறகு
“செத்தவீடு” என்றார்.
எங்கள் ஊரில் கொடி கட்டினால்
யாரோ வருகிறார்கள் என்று பொருள்.

கோட்டை வாசலில் சிப்பாய்.
உள்ளே, முகாம் நிழலில், மான்கள்.
அருச்சனைப் பையிலிருந்து வெற்றிலையை
ஒரு மான் உருவிக்கொண்டது.
விரட்டக் கை ஓங்கினேன்.
“விடுங்கோ, அதுவும் அவருக்குத்தான்.”

வெறுங்காலில் கல் சுட
தத்தித் தத்தி ஏறியவனை
வாசலில் ஒரு பையன் மறித்தான்:
“அண்ணை, சேட்டைக் கழட்டுங்கோ.”

சேட்டை என்றால் எங்களுக்குக் குறும்பு.
சேட்டு என்றால் அடகுக்கடைக்காரர்.
இரண்டையும் கழற்றத்தான்
இருபது வருடமாகப் பாடுபடுகிறேன்.
அவன் என் காலரைத் தொட்டுக் காட்டினான்.
மாடல் 114. விற்க வந்த சரக்கு.
தலைவழியே உருவிக் கக்கத்தில் இடுக்கினேன்.

உடம்புகளை நான் எண்ணாகவே பார்த்தவன்:
எண்பத்தைந்து, தொண்ணூறு, நூறு.
உள்ளே எல்லாரும் திறந்த மார்பு.
தீபம் உயரும்போது எனக்கு முன்னால் நின்றவரின்
தோளிலிருந்து விலாவரை பழைய தையல்,
அவசரத்தில் போட்டது, நூல் நேராக ஓடவில்லை.
வாய்வரை வந்த கேள்வியை
வந்த வழியே அனுப்பினேன்.
கொடிகளுக்கு அடுத்து அது இரண்டாவது.

வெளியே, பாறை பிளந்து கடல் கொதிக்கும் இடத்தில்,
“இதைத்தானே ராவணன் வெட்டினான்?” என்றேன்.
“ஓம். அவர்தான் வெட்டினவர்.”
என் விகுதியை மட்டும் திருத்திவிட்டு
காற்றைப் பார்த்து நின்றார் வில்வராசா.

இறங்கி வரும் வழியில் புவனேஸ் கடை.
தேத்தண்ணி தனியே, சீனி தனியே.
சீனியைக் கோப்பையில் கொட்டப் போனேன்.
“ஐயோ, கைக்குள்ள வச்சு நக்கிக் குடியுங்கோ!”
திருநீறு வாங்கிய உள்ளங்கை.
ரேகையில் சாம்பல் இன்னும் ஒட்டியிருந்தது.
கழுவ யோசித்தேன், கழுவவில்லை.
இனிப்பில் கொஞ்சம் சாம்பல்,
அதன்மேல் சாயம் கடுத்த சூடு.

மூன்று மணி. சாம்பிள் பெட்டியைத் திறந்தேன்.
உவைஸ் முதலாளி பெட்டியைப் பார்க்கவேயில்லை,
என் கழுத்தைப் பார்த்தார்.
“கோயிலுக்குப் போனீங்களா?”
“ஓம்” என்றது என் வாய்.
அவர் சிரித்தார்.
குனிந்து பார்த்தால், மாடல் 114
உள்புறம் வெளியே, வெளிப்புறம் உள்ளே,
பிசிறும் லேபிளும் ஊருக்குத் தெரிய
நகரின் பாதியைச் சுற்றி வந்திருக்கிறேன்.
தோள் மூட்டை விரலால் இழுத்துப் பார்த்தார்.
“தையல் நல்லாத்தான் இரிக்கி.
இதில பத்து டசன் எழுதுங்க.”