மிகும் இடம், மிகா இடம்

அனுப்பிய ஊர் பாலா.
முதல் வாரம் அதை ஆள்பெயர் என்றெண்ணி
பதிவேட்டில் தவறான கட்டத்தில் எழுதிவிட்டேன்.
வேல்ஸின் வடக்கே, ஏரிக்கரையில், மழைக்கென்றே ஒதுக்கிய ஊராம்.

நாற்பத்தெட்டுக் குப்பிகள்.
ஒவ்வொன்றிலும் காதில் துளைத்தெடுத்த தோல், மிளகளவு.
உறையைப் பிரித்தால் கம்பளி எண்ணெய் வாடை.
கூடவே இட்வால் பியூ கைப்பட எழுதிய தாள்:

212, மூன்று குட்டி.
209, இரண்டு.
231, மூன்று. ஒன்று தங்கவில்லை.
217, நான்கு வருடமாக ஒன்றுமில்லை. ஏன்?

அந்த ஏனுக்கு அடியில் இரண்டு கோடு.

எக்ஸ் குரோமோசோமில் ஒரு மரபணு,
சினைமுட்டைக்குச் சொல்லியனுப்பும் வேலை அதற்கு.
அதில் ஓர் எழுத்து பிசகினால்
ஒன்று முதிரவேண்டிய இடத்தில் இரண்டு, மூன்று முதிரும்;
கொட்டில் கொள்ளாது.
அதே பிசகு தாய்வழியும் தகப்பன்வழியும் வந்து சேர்ந்தால்
சினைப்பை பயறளவிலேயே நின்றுவிடும்.

வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று
ஒப்பிக்கத் தெரியாமல் பெஞ்சு மேல் நின்றவள் நான்.
அபெரிஸ்ட்வித் வந்தும் விடவில்லை அந்த இலக்கணம்:
ஒருமுறை வந்தால் மிகும்,
இருமுறை வந்தால் மிகாது.

மாலை நாலரைக்குத் திரையில் எழுந்தது வரைபடம்.
212-க்கு இரண்டு சிகரம், பச்சையும் நீலமும்.
217-க்கு ஒன்றே ஒன்று.
நீலம்.
தகப்பன், ஆயிரத்து நூறு பவுண்டு கொடுத்து
இட்வால் ஏலத்தில் எடுத்த கிடா;
மூன்றில் ஒன்றாய்ப் பிறந்தவன் என்பதற்காகவே எடுத்தது.

அறிக்கையில் 'நிலை' என்றொரு கட்டம்.
ஆங்கிலத்தில் நிரப்ப எதுவும் தடுக்கவில்லை.
தமிழில் அந்தச் சொல்லை மனசுக்குள் சொன்னதும்
ஒரு கல்யாண மண்டபமே திரும்பிப் பார்த்தது.

தொலைபேசியில் சொன்னேன்.
சற்று நேரம் தகரக் கூரையில் மழை மட்டும் பேசியது.
"அப்போ, அவள் மேல் தப்பில்லை."
"இல்லை. கிடா மேலும் இல்லை."
"அந்தக் கிடாவுக்கு அவன் மகள்களையே விட்டது நான்தான்,"
என்றார், யாரிடமோ கணக்கு ஒப்படைப்பது போல.
செவ்வாய்க்கிழமைச் சந்தை வண்டியில்
217-க்கு இடம் பிடித்து வைத்திருந்தாராம்.

ஏப்ரலில் இன்னொரு பொட்டலம்.
இருபது குப்பி, புதுக் குட்டிகள், வேறு கிடா.
தாளின் ஓரத்தில், மடிப்புக்குக் கீழே:

217 இங்கேதான் இருக்கிறாள்.
வேலியில் ஓட்டை விழுந்தால் முதலில் கண்டுபிடிப்பது அவள்.
அதற்கு ஏதாவது மரபணு உண்டா?