உறைமோர்

முக்கூடலில் எங்கள் தெருவுக்கெல்லாம் ஒற்றைச் செங்கல் சுவர்.
அந்தப் பக்கம் தீக்குச்சி உரசினால்
இந்தப் பக்கம் கேட்கும்.
மூன்று வருசம்
நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

குழுக் கூட்டத்தில்
தவணைப் பணம் எண்ணி முடித்து
நோட்டில் கையெழுத்துப் போடும் நேரம்
பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த ஜெசிந்தா கேட்டாள்:
"பக்கத்து வீட்டுச் சத்தம் யாருக்கெல்லாம் கேக்குது?"
பதினாலு பேரும் மடியிலிருந்த சுளகைப் பார்த்தோம்.
இலை வெட்டுகிற கத்தரி மட்டும்
கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது.

"கேஸு கோர்ட்டெல்லாம் பொறவு.
ஒரு ஆளு போய்க் கதவத் தட்டுனா
ஓங்குன கை ஒரு நிமிசம் அந்தரத்துல நிக்கும்.
அந்த நிமிசத்துக்கு என்ன கேப்பிய?"

செய்யது பீவி சொன்னாள்:
"உறைமோரு."

ராத்திரி ஒன்பதரை. சுடலைவடிவின் கதவு.
கையில் டம்ளர், அதற்குள் என் நடுக்கம்.
அவன்தான் திறந்தான், மூச்சு வாங்க.
பின்னால் தரையெல்லாம் சோறு.
"உறைக்கு ரெண்டு சொட்டு மோரு இருக்கா?"
வடிவு வந்து ஊற்றினாள்.
விரலில் புகையிலைத் தூள் மணம்,
வளையல் போடாத மணிக்கட்டில்
வளையல் அகலத்துக்கு ஒரு நீலம்.

பத்து நிமிசம் கழித்து ஆவுடை போய் ஊசி கேட்டாள்.
விளக்கு வைத்த பின்னால் ஊசி கேட்கக் கூடாதென்று
அவனுக்கும் தெரியும்.
பிறகு பீவி,
விடியக்காலம் பேட்டைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று.
அந்த மாதம் எங்கள் தெருவில்
எல்லார் வீட்டிலும் மோர் புளித்துக் கிடந்தது.

எப்போதும் பலிக்கவில்லை.
ஆவணிக் கொடைக்குத் தெருவே போயிருந்தோம்.
மேளத்தில் சுவருக்குக் காது அடைத்துவிட்டது.
திரும்பி வந்தபோது
அவளுடைய இடது கை
முழங்கைக்குக் கீழே வேறு யாருடையதோ போலத் தொங்கியது.

நூற்றி எண்பத்தொன்றுக்குப் போன் போட்டது பீவியின் மகள்.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, மாவுக்கட்டு.
அதே வளாகத்தில் ஒரு கட்டடம்,
நாலு கட்டில், உள்ளே தாழ்ப்பாள் விழுகிற கதவு.
ஜெசிந்தா தாளை விரித்தாள்.
"எப்பத்துல இருந்து?"
வடிவு வெகுநேரம் யோசித்தாள்.
"பீடி பாஸ்புக்க அவரு வாங்கி வச்ச நாள்ல இருந்து."
அதற்கும் அந்தத் தாளில் ஒரு கட்டம் இருந்தது.
அடி மட்டும்தான் கணக்கு என்று
அதுவரை நினைத்திருந்தோம் நாங்கள்.

கார்த்திகையில் உத்தரவு வந்தது.
அதே வீட்டில் அவள் இருக்கலாம்,
அவன் வாசல் மிதிக்கக் கூடாது.
தாளை நாலாக மடித்து
பாஸ்புக்குக்குள் வைத்தாள்.
குழாயடியில் பாதிப்பேர் அவளிடம் பேசுவதில்லை.
"குடும்பத்தக் கலைச்சவ" என்றான் என் மகனும்,
சோற்றைப் பிசைந்துகொண்டே.
மருமகள் ரசம் ஊற்றினாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி
எங்கள் அடுக்களையில் ஒரு பாத்திரம் விழுந்தது.
விழவில்லை,
எறிந்தது.
நான்,
இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்,
ரிமோட்டைத் தேடினேன்.

கதவு தட்டும் சத்தம்.
சுடலைவடிவு.
கட்டுப் பிரித்த கை இன்னும் கொஞ்சம் கோணல்.
அந்தக் கையில்தான் டம்ளர் பிடித்திருந்தாள்.
"உறைக்கு மோரு இருக்கா சித்தி?"
கேட்டது என்னை.
பார்த்தது என்னைத் தாண்டி.
எதிர்வீட்டில் ஆவுடை லைட்டைப் போட்டாள்.

"இருக்கு, உள்ள வா" என்று
நிலையை விட்டு விலகினேன்.

எங்கள் வீட்டில் அன்றைக்கு
பாலே வாங்கவில்லை.