மறுப்புரைக்கு இருபது நிமிடம்

பெனாயாவின் பள்ளிப்பைக்குள் பிடிபட்டது புத்தகம்.
கறுப்பு அட்டை, முனை மடங்கிய தாள்கள்.
அவன் அம்மா அதைப் பாலிதீன் பையில் போட்டு
இரண்டு முடிச்சிட்டு
மீன் கொண்டுவருவதுபோல்
மங்காஃப் நிலவறைச் சபைக்குக் கொண்டுவந்தாள்.

"விசுவாசத்தை அசைக்கிற புத்தகம்"
என்றார் தேவாசீர் பிரதர், முடிச்சை அவிழ்க்காமலே.
படித்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை.
அடுத்த வெள்ளி,
ஐந்து மணிக்கு மலையாளச் சபைக்கு அறையை விடுமுன்
வாலிபர்களுக்கு இருபது நிமிடம் மறுப்புரை.
என்னைக் கைகாட்டினார்கள்.
டிப்ளமோ படித்தவன், கண்ணாடி போட்டவன்,
வேறு தகுதி ஒன்றும் இல்லை.

மினா அப்துல்லாவில் எனக்கு இரவு ஷிஃப்ட்.
அழுத்தமானிகளைச் சோதிக்கிற வேலை.
கண்ணாடிக்குள் கிளிசரின் நிரப்பியிருக்கும்,
பம்பு எவ்வளவு அதிர்ந்தாலும்
முள் நடுங்காதிருக்க.
பார்ப்பதற்குச் சாந்தமாக இருக்கும்.
அத்தனை சாந்தமான முள்ளைத்தான்
நாங்கள் முதலில் சந்தேகிப்போம்.
விரல்நுனியால் கண்ணாடியில் ஒரு தட்டு.

இரண்டு மணிக்குத் தேநீர் ஆறுகையில்
பென்சிலோடு உட்கார்ந்தேன்.
முதல் ஐம்பது பக்கம் சுலபம்.
ஓரமெல்லாம் 'தவறு', 'தவறு' என்று எழுதினேன்.
ஆசிரியருக்குக் கேலி அதிகம்.
கேலி பேசுகிறவனுக்குப் பதில் சொல்ல
பெரிய ஞானம் வேண்டாம்.

நூற்றுப் பன்னிரண்டில் கேலி நின்றுபோயிருந்தது.
கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடுகிறார்கள்,
ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.
மிகப் பழைய பிரதிகள் அத்தோடு முடிகின்றனவாம்.
மிச்சத்தைப் பிறகு எவரோ எழுதிச் சேர்த்தாராம்.
பாம்பு, விஷம், கைவைத்தால் சுகம்
எல்லாம் அந்த மிச்சத்தில்.

பென்சிலை வைத்துவிட்டேன்.

அருமைராஜ்.
ஏழு வருடம் முன்பு, கழிவுத்தொட்டிக் குழி.
அழுகிய முட்டை நாற்றம் அடித்தது,
பிறகு அடிக்கவில்லை.
அடிக்காமல் போவதுதான் ஆபத்து.
பாதுகாப்பு வகுப்பில்
ஒரே பெஞ்சில் இருந்து கேட்டவர்கள் நாங்கள்.
ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே பதினோரு பேர்
அந்த வாக்கைத்தான் பற்றிக்கொண்டு நின்றோம்,
நஞ்சு அவனைத் தொடாது என்று.
மூன்றாம் நாள் விடியலில்
காகிதங்களில் கையெழுத்துக் கேட்டார்கள்.

"நம்மில் ஒருவர் சந்தேகப்பட்டிருக்கிறார்" என்றார் பிரதர்.
யாரென்று சொல்லவில்லை.
எனக்குத் தெரியும்.
ஜெபத்தின் நடுவில் நான் கண் திறந்தேன்.
மானிட்டரைப் பார்த்தேன்.
எண்பத்தொன்று.
தொழில் புத்தி.

அந்த எண்ணை எவரிடமும் சொன்னதில்லை.
திருவிருந்துக் கிண்ணம் வருகையில்
இருமுவதுபோல் வாயைப் பொத்தி
அடுத்தவருக்கு நகர்த்திவிடுவேன்.

இப்போது என்னை அறியாத ஒரு நாத்திகன்,
என்னைக் கலைக்கவென்றே எழுதியவன்,
அந்த வாக்கே அங்கே இருந்திராமல் போயிருக்கலாம் என்கிறான்.
அப்படியானால், அருமை,
நான் கண் திறந்ததால் நீ சாகவில்லை.
வாயு. குழி. பழுதான முகமூடி.

அசைந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.
அசைந்தது விசுவாசமா, அதன்மேல்
ஏற்றிவைத்திருந்த கல்லா,
பணிமனைத் தரையில் உட்கார்ந்து அழுதவனுக்கு
பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்த கேள்வியும் வந்தது, வராமல் இருக்குமா:
அந்த வரி போகலாமென்றால்
போகாத வரி எது?
மறுபடி வாசித்தேன்.
பயந்து ஓடிய அந்தப் பெண்கள்.
ஒருவரிடமும் சொல்லாதவர்கள்.
அவர்களை நம்ப முடிந்தது.
ஏனென்று கேட்டால் மறுப்புரை நீண்டுவிடும்.

வெள்ளி. நான்கு நாற்பது.
தண்டனைக்கு வந்தவன்போல் பெனாயா
கடைசி நாற்காலியில்.
புத்தகம் என் கையில்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
கிளிசரின் விரல் பட்ட கறை,
தாள் அந்த இடத்தில் கண்ணாடியாகி
அடுத்த பக்கத்து எழுத்து தெரிகிறது.

"எண்பத்தொன்று" என்று ஆரம்பித்தேன்.
தேவாசீர் பிரதர் தலை நிமிர்ந்தார்.
ஏ.சி. இரைந்தது.
படிக்கட்டில் மலையாளச் சபையார் அதற்குள் வந்து
செருப்புக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள்.