எந்தச் சுவர் தண்ணி குடிக்கும்

சித்தூர் பழைய பஸ் ஸ்டாண்டு பின்சுவரில்
மயில் வந்து உட்கார்ந்து பதினொரு நாள்.
கழுத்து மட்டும் என் உயரம்.
தோகை அங்கே முடியவில்லை,
மருந்துக்கடைச் சந்துக்குள் திரும்பி
டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போகிறது.
அலகுக்குக் கீழே தெலுங்கில்:
போஸ்டர் ஒட்டினால் அபராதம்.

எனக்குத்தான் அது.
இந்த ஊரில் வேறு யார் ஒட்டுகிறார்கள்?

இருபத்திரண்டு வருஷமாய்
ராத்திரி ஒரு மணி, சைக்கிள், வாளி, துடைப்பம்.
மாடு தின்னாமலிருக்க
மைதாவைக் காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம்.
அந்த வகையில் என் வாளியிலும்
மயில் உண்டு.

நேற்று வாளியில்லாமல் பகலில் நடந்தேன்.
வெயிலில் என் சுவர்களை எனக்கே அடையாளம் தெரியவில்லை.
காட்பாடி ரோட்டில்
பல் டாக்டர் வீட்டு மதில் முழுக்கப் புலி,
புலிக்கு மனுஷப் பல்.
கோர்ட்டு மதிலில் தராசு,
ஒரு தட்டு இருக்கவேண்டிய இடத்தில் நிஜ ஜன்னல்,
ஜன்னலில் யாரோ டிபன் பாக்ஸ் காயவைத்திருந்தார்கள்.
நீவா பாலத்துத் தூண்களில்
கிளிமூக்கு மாங்காய்க் கூடையோடு ஒருத்தி,
தூணுக்கு ஓர் அடி.
திருப்பதி பஸ்ஸிலிருந்து பார்த்தால் நடக்கிறாள்.
நின்று பார்த்தால்
ஒன்பது பேர், ஒருத்தியும் நகரவில்லை.

வரைந்தவள் பெயர் ஸ்வரூபா. மதனப்பள்ளி.
சாரத்தில் உட்கார்ந்தபடி போன மாதம் கேட்டாள்,
எந்தச் சுவர் தண்ணி குடிக்கும்?
இப்படி ஒரு கேள்வி
என்னிடம் யாரும் கேட்டதில்லை.

சொன்னேன்:
கஜானா சுவர் குடித்துக்கொண்டே இருக்கும்.
லாட்ஜ் சுவருக்கு வாயே கிடையாது, எதுவும் ஒட்டாது.
இந்தப் பஸ் ஸ்டாண்டுச் சுவரைச் சுரண்டாதே,
என் காகிதம்தான் காரையைப் பிடித்து வைத்திருக்கிறது.

கரித்துண்டால் முன்கையில் எழுதிக்கொண்டு
சுரண்டினாள்.
மெத்தை கனத்துக்கு வந்தது:
எலெக்‌ஷன், மூலம் பவுத்திரம், நூறாவது நாள்,
மஞ்சள் நீராட்டு, எலெக்‌ஷன்,
நடுவில் செங்கல்வராயன், தலைகீழாக.

அது என் கை வேலை.
பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது தெலுங்கு.
கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துக்கு
கால் எது தலை எது என்று
இருட்டில் தெரியவில்லை.
போட்டோவைப் பார்த்திருக்கலாம்தான்.
மறுநாள் சந்தே கழுத்தைச் சாய்த்து அவருக்கு அழுதது.
அவர் மகன்கள் என்னை அடித்தார்கள்,
பெரியவன் தெலுங்கில், சின்னவன் தமிழில்.

ஸ்வரூபா அவரைக் கிழிக்கவில்லை.
நீலத்தை மேலே பூசினாள்.
கிட்டே போனால்
மயிலின் இடது சிறகில் இன்னும் ஒரு நெற்றி மேடு.

இன்று ராத்திரி நாற்பது போஸ்டர்.
முனிரத்தினம், வெல்லமண்டி, வயது எழுபத்தொன்று.
பஸ் ஸ்டாண்டில் கட்டாயம் ஒன்று, என்றான் மருமகன்,
அபராதம் நான் கட்டுகிறேன்.

முப்பத்தொன்பதை எப்படியோ முடித்தேன்.
கடைசி ஒன்றோடு மயிலெதிரே.
என்னைக் கேட்காமல் கை
துடைப்பத்தை நனைத்து, மேலிருந்து கீழே ஓர் இழுப்பு.
தெருவிளக்கில் கழுத்து பளபளத்தது,
ஈரத்தில் நெற்றி மேடும்.
மைதா காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது.
தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ரோட்டைத் தாண்டி
டீக்கடை ஷட்டரில் ஒட்டினேன்,
இரண்டு தடவை பார்த்து, தலை மேலே.

ஐந்து மணிக்குக் கடைக்காரன் ஏற்றுவான்.
முனிரத்தினம் சுருண்டு பெட்டிக்குள் போவார்,
கிழியாமலிருந்தால்.
பகலெல்லாம் அவருக்குக் கீழே ஜனம் டீ குடிக்கும்.
ராத்திரி பத்துக்கு,
கரகரவென்று,
கால் முதலில் இறங்கி வருவார்.