ஏழாவது வாய்

முதல் குடுக்கை எனக்கு.
கசப்பும் தூளும் அதில்தான் இறங்கும்;
ஊற்றுகிறவன் அதைக் குடித்து முடித்துத்தான்
அடுத்தவனுக்கு நீட்ட வேண்டும்.
படையில் நான் கடைசி.
கெட்டிலைப் பிடித்திருக்கும்போது மட்டும்
நான் வைத்ததுதான் வரிசை.

ஆண்டிஸ் மலையின் இந்த எல்லைச் சாவடியில்
ஜூன் பிறந்தால் பனி வந்து கதவை அடைக்கும்.
நாங்கள் ஆறு பேர், எட்டுக் கோவேறு கழுதைகள்,
ஓர் அடுப்பு, ஒரு சுரைக்குடுக்கை,
அதற்கு ஒரே உறிஞ்சுகுழல்.
மாத்தே குடிக்க இரண்டே சட்டம்:
குழலை அசைக்காதே.
போதுமென்றால் மட்டும் நன்றி சொல்.
சொல்லாதவரை
குடுக்கை உன்னிடம் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

அன்றிரவு துணை லெப்டினன்ட் இரியார்த்தே
தன் அறைக் கணப்பு அணைந்துபோய்
சமையலறைக்கு வந்தார்.
பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்றது.
"உட்காருங்கள், உட்காருங்கள்."
உட்கார்ந்தோம்.
முதுகு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

நீட்டினேன்.
ஆறு வாய் பட்ட குழலை
ஒரு கணம் பார்த்தார்.
அவர் பார்ப்பதை நான் பார்த்தேன்.
"எச்சிலுக்கு ஏது ஐயா நட்சத்திரம், குடிங்க"
என்றார் சார்ஜென்ட் பால்மசேதா.
குடித்தார். நாக்கைச் சுட்டுக்கொண்டார்.
அவர் சிரித்த பிறகுதான் சிரித்தோம்.

மூன்றாம் சுற்றில் சொன்னார்,
கழுதைகளைக் கண்டால் தனக்குப் பயமென்று.
லுசேரோ துள்ளிக்கொண்டு எழுந்தான்:
உள்ளங்கையை முதலில் மோந்து பார்க்க விடணும்,
பின்னங்காலைப் பார்க்கவே கூடாது,
காலையில் வந்தால் காட்டுகிறேன் என்றான்.
போனார்கள். காட்டினான்.

ஐந்தாம் சுற்றில்,
"இங்கே மட்டும் என்னை
ஃபகுந்தோ என்றே கூப்பிடுங்கள்."
எவன் வாயில் வரும்?
'நீ' என்றால் எங்களுக்குக் கூசியது,
'நீங்கள்' என்றால் அவர் முகம் சுருங்கியது.
ஆளே இல்லாத வாக்கியங்களாகத்
தேடிப் பிடித்துப் பேசினோம்:
தண்ணி ஆறுது.
இன்னும் கொஞ்சம் ஊத்தலாம்.
காத்து திரும்பிடுச்சு.

நான்காம் நாள், பின்னிரவு மூன்று மணி,
கொடிக்கம்பத்துக் காவலில்
லுசேரோ தூங்கிவிட்டான்,
துப்பாக்கி மடியில், வாய் திறந்து.
டார்ச் வெளிச்சம் முகத்தில் விழுந்தபோது
பாதித் தூக்கத்தில் அவன் கேட்டது:
"ஃபகுந்தோ, நீயா?"

எங்களில் ஒருவன் வாயில் அது வந்தது
அந்த ஒருமுறைதான்.

ஐந்து நாள் காவலறை.
பேனா மை உறைந்து
ஊதி ஊதி எழுதினாராம், சார்ஜென்ட் சொன்னார்.
எல்லையில் தூங்கினால் அதுதான் தண்டனை,
லுசேரோவே மறுக்கவில்லை.
அந்தப் பெயரால் ஒரு நாள் கூடியதா
குறைந்ததா என்றுதான்
கட்டிலில் கிடந்து கணக்குப் போட்டோம்.

மறுநாள் இரவு வந்து கதவருகில் நின்றார்.
எழுந்தோம்.
உட்காரச் சொல்லவில்லை.
வரிசை என் கையில் இருந்தது.
அவரைத் தாண்டிப் போயிருக்கலாம்,
கெட்டில் காலி என்றிருக்கலாம்.
நீட்டினேன்.
நின்றபடியே குடித்தார்,
அடியில் காற்று கரகரக்கும்வரை.
குடுக்கையை என் கையில் வைத்து,
"நன்றி, கத்ரிலேயோ" என்றார்.

தலைநகரத்துக்காரர்தான். ஆனாலும்
அந்தச் சொல்லுக்கு அடுப்பருகில் என்ன பொருளென்று
தெரியாத அர்ஜென்டினாக்காரன் கிடையாது.

இலையை மாற்றவில்லை.
கெட்டிலை மேலங்கிக்குள் அணைத்துக்கொண்டு
காவலறைக்குப் போனேன்.
கம்பி இடுக்கில் குழலை நீட்ட
லுசேரோ உறிஞ்சினான்,
ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தான்.
ஊற்றினேன்.
மறுபடியும் ஒன்றும் சொல்லவில்லை.
கால் மரத்துப்போயிற்று.
தண்ணீர் ஆறி, இலை வெளுத்து,
ருசியே இல்லாமல் போன பிறகும்
அவன் சொல்லவில்லை,
நான் நிறுத்தவில்லை.